ஹெக்டரும் கர்ணனும்: உடன்பிறந்தானுக்கு இரண்டு இரங்கல் இசை

விழுப்புரம் பக்கத்துப் பனமலைக் குன்றின்மேல் தாளகிரீசுவரருக்குக் கற்றளி எழுப்பியவன் பல்லவ மன்னன் ராஜசிம்மன். காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். குடைநிழலில் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியத்தைப் பார்க்கத்தான் இன்று வெளியூர்க்காரர்கள் அங்கே ஏறுகிறார்கள். எனக்கு அந்த மன்னனின் வேறொரு காரியமும் முக்கியம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவன் வெட்டிவைத்த வடமொழிக் கல்வெட்டு, பல்லவர் குலத்தைத் துரோணரின் மகன் அசுவத்தாமனிடமிருந்து தொடங்குகிறது. பாரதப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றவன் அசுவத்தாமன். எல்லாரும் செத்த பிறகும் உயிரோடு எஞ்சியவன். அவனைத் தன் மூதாதை என்று கல்லில் எழுதிய அரசன் கட்டிய கோயில் நிற்கும் வட்டாரத்தில், பாரதம் அயலான் வீட்டுக் கதையாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் கேட்டுக்கொண்டபடி பாரதத்தைத் தமிழ் விருத்தங்களில் பாடினார். செஞ்சிக்கு அருகில் மேலச்சேரியை மூலத்தலமாகக் கொண்டு திரௌபதி அம்மன் வழிபாடு பரவியது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று இந்த நிலம் முழுக்கத் தெருக்கூத்து அந்தப் போரை இரவு இரவாக ஆடிக் காட்டிவருகிறது. அந்தக் கூத்துகளில் மிக அதிகமாக ஆடப்படுவது ‘கர்ண மோட்சம்’. அம்மன் திருவிழாவில் மட்டுமல்லாமல் சாவு வீட்டிலும் ஆடுவார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்கு முந்தின இரவு.

இந்தக் கூத்தின் பக்கத்தில் இங்கிலாந்தின் ஓர் இசைப்படைப்பை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஆர்தர் பிளிஸ் எழுதிய ‘மார்னிங் ஹீரோஸ்’. 1930 அக்டோபர் 22 அன்று நார்விச் இசைவிழாவில் அவரே நடத்த முதன்முதலாக அரங்கேறியது. பெரிய சிம்பொனி இசைக்குழு, கூட்டுப்பாடகர்கள், இவர்களோடு பாடாமல் பேச மட்டும் செய்யும் ஒருவர். ஒரு மணி நேரப் படைப்பு. போரில் இறந்த தம்பி பிரான்சிஸ் கென்னர்டின் நினைவுக்கும், களத்தில் கொல்லப்பட்ட மற்றத் தோழர்களின் நினைவுக்கும் அதைக் காணிக்கையாக்கினார் பிளிஸ்.

இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிளிஸ் கூத்தைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. கூத்து வாத்தியார்களுக்கு பிளிஸ் தேவையுமில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. நேற்றுச் செத்தவனுக்கு அழ, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய ஒரு போரைத் துணைக்குக் கூப்பிடுகின்றன. அங்கே டிராய் நகரத்துப் போர், இங்கே குருக்ஷேத்திரம். தன் வீட்டுச் சாவை நேராகப் பார்த்துப் பாடாமல், காவியத்தில் ஏற்கெனவே செத்தவன் ஒருவனை முன்னால் நிறுத்தி அவன் வழியாக அழுவதுதான் இரண்டும் கண்ட வழி. பிளிஸுக்கு ஹெக்டர் கிடைத்தான். நமக்குக் கர்ணன்.

முதலில் அந்த அண்ணன் தம்பிகளைச் சொல்லிவிட வேண்டும். ஆர்தர் 1891இல் லண்டனில் பிறந்தவர். அடுத்தவர் கென்னர்ட், அதற்கடுத்து ஹோவர்ட். தாய் 1895இல் இறந்துவிட்டார். அமெரிக்கரான தந்தை மூன்று பையன்களையும் வளர்த்தார். வீட்டிலேயே ஒரு சிறு இசைக்குழு இருந்தது என்று சொல்லலாம்: ஆர்தருக்குப் பியானோ, கென்னர்டுக்குக் கிளாரினெட், ஹோவர்டுக்குச் செல்லோ. 1914இல் போர் வந்தது. 1916இல் பிரான்சின் சோம் போர்முனையில் ஆர்தர் காயம்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அதே போர்முனையில் பீரங்கிப் படையிலிருந்த கென்னர்ட் கொல்லப்பட்டார். 1918இல் ஆர்தர் மறுபடியும் நச்சுவாயுத் தாக்குதலில் சிக்கினார். ஆனாலும் உயிரோடு வீடு திரும்பினார்.

திரும்பியவர் உடனே இரங்கல் எழுதவில்லை. 1920களில் அவர் எழுதியதெல்லாம் துள்ளலும் துணிச்சலுமான புதுமை இசை. 1922இல் வண்ணங்களைப் பொருளாக வைத்து ஒரு சிம்பொனி செய்தார். இரவில் மட்டும் ஒரே கனவு வந்துகொண்டே இருந்தது என்று பிற்காலத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். போர் முடிந்தது ஊருக்கே தெரியும். பதுங்குகுழியில் கிடக்கும் இவரையும் சில வீரர்களையும் மட்டும் மறந்துபோய் விட்டுவிட்டார்கள். எதிர்க்குழியில் ஜெர்மானியர்கள் சிலரும் அப்படியே மறக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். கடைசி ஆள் சாகும்வரை இரு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் கனவு. எதிரியும் தன்னைப்போலவே கைவிடப்பட்டவன் என்று அந்தக் கனவுக்குத் தெரிந்திருக்கிறது. ‘மார்னிங் ஹீரோஸ்’ முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் படைப்பைத் தொடங்க அவர் தேர்ந்தெடுத்தவன் ஹெக்டர். ஹோமரின் இலியத் கிரேக்கர்களின் காவியம். ஹெக்டர் அவர்களின் எதிரி, தோற்கப்போகிற நகரத்தின் இளவரசன். ஆறாம் காண்டத்தில் அவன் மதில்மேல் மனைவி ஆண்ட்ரமக்கியிடம் விடைபெறும் பகுதியை ஒருவர் பேசிச் செல்ல, இசைக்குழு அடியில் ஓடுகிறது. இசையின் வேகத்துக்குச் சொல்லை வளைக்கவில்லை. பேச்சு பேச்சாகவே இருக்கிறது. அந்தப் பேச்சுக்குள்ளே உடன்பிறந்தாரின் சாவு ஒளிந்திருக்கிறது. ஆண்ட்ரமக்கியின் ஏழு சகோதரர்களையும் ஒரே நாளில் கொன்றவன் அக்கிலீஸ். அவள் கணவனிடம், நீதான் எனக்குத் தந்தை, தாய், உடன்பிறந்தான் எல்லாம் என்கிறாள். தம்பிக்காக எழுதுகிறவர் உலக இலக்கியத்தில் எத்தனையோ பகுதிகள் இருக்க இதை எடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி கூத்துக்கு வருவோம். கர்ண மோட்சத்திலும் மிகப் பெரிய பகுதி விடைபெறுதல்தான். பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியைப் பார்க்க வருகிறான். வியாசரிடம் இவள் இல்லை. இவள் நாட்டார் பாரதத்தின் மகள். அரச குலத்தவள். தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்று கணவனை இளக்காரமாக நடத்தியவள். திரைக்கு முன்னும் பின்னுமாக இருவரும் தர்க்கம் செய்வதைக் கேட்கவே கூட்டம் விழித்திருக்கும். பிறப்பைச் சொல்லிக் குத்துகிறாள். கெட்ட கனவு கண்டேன் என்கிறாள். அவன் பாண்டவர்களின் தாய் குந்தியின் மகன் என்று தெரிந்த பிறகு போகாதே என்று மறிக்கிறாள். ஆணே பெண்வேடம் கட்டி நடிக்கும் அந்தப் பொன்னுருவி விருத்தம் எடுக்கும்போது, அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் அடங்கிப்போகும்.

ஆண்ட்ரமக்கியும் பொன்னுருவியும் வழிமறிக்கிற மனைவிகள்தாம். ஆனால் இருவரின் துயரமும் வேறு. ஆண்ட்ரமக்கிக்கு ஹெக்டர் யார் என்பதில் ஐயமே கிடையாது. இழப்பு மட்டுமே அவளுடைய பாரம். பொன்னுருவிக்கு இழப்போடு குற்றமும் சேர்கிறது. இத்தனை நாள் யாரென்று தெரியாமல், தெரிந்துகொள்ள விரும்பாமல், ஒருவனோடு வாழ்ந்துவிட்டாள். அவன் இன்னாரென்று தெரியும் வேளையில் அவன் சாகப் புறப்படுகிறான். இதுதான் பின்னால் பாண்டவர்களுக்கும் நடக்கப்போகிறது. கூத்து அதை முதலில் மனைவியிடம் ஒத்திகை பார்க்கிறது. நாடகக் கட்டுமானம் என்ற வகையில் இந்த ஏற்பாடு பிளிஸின் தொடக்கத்தைவிடக் கூர்மையானது என்பது என் கருத்து. ஆண்ட்ரமக்கி முதல் பகுதியோடு மறைந்துவிடுகிறாள். அவள் கேள்வி பின்னால் திரும்ப எழுவதில்லை.

பிளிஸின் நடுப்பகுதிகளை விரைவாகக் கடக்கலாம். வால்ட் விட்மனின் கவிதையை வைத்து நகரம் போருக்குக் கிளம்பும் ஆரவாரம் ஒன்று. அடுத்து, சீனக் கவி லி போவின் கவிதையில் பெண்குரல்கள் வீட்டில் காத்திருக்கின்றன. விட்மனின் இன்னொரு கவிதையில் ஆண்குரல்கள் பாசறைத் தீயருகே வீட்டை நினைக்கின்றன. நான்காவதாக அக்கிலீஸ் போர்க்கோலம் பூணுகிறான். அதன் முடிவில் கூட்டுப்பாடகர்கள் பண்டை வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக முழங்குகிறார்கள். ஹெக்டரைக் கொல்லப்போகிறவனும் கொல்லப்படப்போகிறவனும் ஒரே படைப்பில், ஒரே மதிப்போடு நிற்கிறார்கள். ஆனால் ஹெக்டர் சாகும் காட்சி இதில் எங்குமே இல்லை. கேட்பவர்களுக்குத் தெரியும் என்று பிளிஸ் விட்டுவிட்டார்.

கூத்து அப்படி விடாது. அதற்குச் சாவுதான் விடிய விடிய ஆடுவதன் காரணம். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைவது, தேரோட்டும் சல்லியன் பாதியில் இறங்கிப் போவது, அம்பு பாய்ந்தும் உயிர் பிரியாமல் கர்ணன் கிடப்பது, கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அவன் செய்த புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்பது, குருதியைத் தாரை வார்த்து அவன் கொடுப்பது என்று ஒவ்வொன்றும் நீண்டு நடக்கும். வீட்டில் ஒருவர் இறந்து பதினைந்து நாள் ஆன குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குச் சாவைக் குறிப்பால் சொன்னால் போதாது. உயிர் எப்படிப் பிரிந்தது என்பதை அவர்கள் இத்தனை நாளும் துக்கம் கேட்க வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். கூத்து அவர்களுக்காக அதை இன்னொரு முறை, தாளத்தோடு, சொல்கிறது.

தாளம் என்றதும் இரண்டு படைப்புகளும் மிக நெருங்கி வந்து, உடனே பிரிந்துபோகும் இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

‘மார்னிங் ஹீரோஸ்’ படைப்பின் கடைசிப் பகுதியில் பண்டைக் காவியம் விலகி, 1914–18 போரே நேராக வருகிறது. போர் முடிய ஒரே வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்ட வில்பிரட் ஓவனின் கவிதை பேசப்படுகிறது. வசந்தகாலத்துச் சரிவில் இளைப்பாறிய வீரர்கள் எழுந்து மேட்டைத் தாண்டி ஓட, எதிர்த்திசை முழுதும் நெருப்பாகும் கவிதை. இங்கே பிளிஸ் வயலின்களை நிறுத்திவிட்டார். குழல்கள் இல்லை, பித்தளை வாத்தியங்கள் இல்லை, கூட்டுப்பாடல் இல்லை. பேசும் குரல், கூடவே டிம்பனி முரசுகள். அவ்வளவுதான். அத்தனை பெரிய இசைக்குழுவை மேடையில் உட்கார வைத்துவிட்டு, தம்பி செத்த களத்தைத் தொடும்போது ராகம் என்ற ஒன்றே வேண்டாம் என்று ஓர் இசையமைப்பாளர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முரசு பீரங்கி போலவும் கேட்கிறது, நெஞ்சுத் துடிப்பு போலவும் கேட்கிறது. பிளிஸ் வாழ்நாளில் எடுத்த முடிவுகளில் இதைவிடப் பெரிய இசை முடிவு எனக்குத் தெரியவில்லை.

கூத்து மேடையின் பின்பக்கம் வாத்தியக்காரர்களின் பெஞ்சைப் பாருங்கள். மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியப் பெட்டி, முகவீணை. முகவீணை என்பது நாதஸ்வரத்தின் குட்டி வடிவம். ஒரு முழம் நீளம் இருந்தால் அதிகம். அதன் ஒலி கீச்சென்று உயர்ந்து, வயல்வெளி தாண்டிப் பக்கத்து ஊருக்கும் போகும். கர்ணனும் அருச்சுனனும் பொருதும்போது மிருதங்கமும் டோலக்கும் இடைவிடாது பொழியும். கிறுக்கி ஆடும் வேடக்காரரின் சலங்கை அதோடு போட்டி போடும். கர்ணன் விழுகிறான். தோல்வாத்தியங்கள் நின்றுவிடுகின்றன. பிறகு எழுவது விருத்தம். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. குரல் போகும் வழியில் முகவீணை பின்னாலேயே போய், குரல் மூச்சு வாங்கும் இடத்தில் அந்த அழுகையைத் தான் வாங்கி இழுத்து முடிக்கிறது. துயரத்துக்கு முகாரி ராகத்தைக் கைக்கொள்ளும் பழக்கம் கூத்திலும் உண்டு.

ஆக, சாவைத் தொடும் இடத்தில் பிளிஸ் ராகத்தை நிறுத்தி முரசை மட்டும் வைத்துக்கொண்டார்; கூத்து முரசை நிறுத்தி ராகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. இது இரண்டு இசை மரபுகளின் வேறுபாடு மட்டும்தானா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஐரோப்பிய சிம்பொனி இசையில் துயரத்துக்கு அழகான ராகம் எழுதுவது மிக எளிது. அந்த மரபு நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைச் செய்து பழகியது. சோம் போர்முனையில் இருந்துவிட்டு வந்தவருக்கு அந்த அழகு பொய்யாகப் பட்டிருக்க வேண்டும். நம் ஊரில் நிலைமை வேறு. சாவு விழுந்த நாளில் பறை அடித்தாயிற்று, பாடை போயாயிற்று. கருமாதிக்கு முந்தின இரவில் முரசுக்கு இனி வேலை குறைவு. ஒப்பாரி சொல்லத் தெரிந்த கிழவிகளும் பத்துப் பதினைந்து நாளாக அழுது குரல் கட்டிக் கிடக்கிறார்கள். அவர்களுக்காக அழுவதற்கு ஒரு குரலும் ஒரு குழலும் தேவை. எது ஓய்ந்துபோயிருக்கிறதோ அதை இசை ஈடுகட்டுகிறது.

இனி நான் சொல்ல வந்ததன் நடுப்புள்ளிக்கு வருகிறேன். யாரை உடன்பிறந்தான் என்று அழுகிறோம்?

வியாச பாரதத்தில் போர் முடிந்து, கங்கைக் கரையில் செத்தவர்களுக்கெல்லாம் நீர்க்கடன் செலுத்தும்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள். கர்ணனுக்கும் நீர் விடு, அவன் உன் அண்ணன் என்கிறாள் தருமனிடம். தருமன் இடிந்துபோகிறான், இதை மறைத்த தாயை நொந்து, இனிப் பெண்களுக்கு இரகசியம் தங்காதிருக்கட்டும் என்று சபிக்கிறான். வில்லிபுத்தூரார் இந்தத் தாமதத்தை ஏற்கவில்லை. அவருடைய கர்ணன் குந்தியிடம் முன்பே வரம் வாங்கிவிடுகிறான்: நான் செத்தால் என்னை மடியில் எடுத்துப் பாலூட்டி, மகனே என்று உலகறியச் சொல்ல வேண்டும். அதன்படி அவள் களத்துக்கே ஓடி வருகிறாள். குருதி காயும் முன்பே, வில் இன்னும் கையில் இருக்கும்போதே, தாங்கள் கொன்றது அண்ணனை என்று பாண்டவர்கள் அறிகிறார்கள். கூத்தும் வில்லியின் வழியைத்தான் பிடித்துக்கொண்டது. நீர்க்கரையில் அடங்கி அழ வேண்டியதைக் களத்தின் நடுவில் கதறலாக்கியது தமிழ் செய்த மாற்றம். இசைக்காரன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய உதவியைக் கவிஞன் செய்ய முடியாது.

இதில் இன்னொரு பாரமும் உண்டு. பாண்டவர்களுக்குத்தான் தெரியாது, கர்ணனுக்குத் தெரியும். எதிரே நிற்பவன் தம்பி என்று தெரிந்தே அவன் வில்லை வளைக்கிறான். தம்பிகள் அவனை அண்ணனாக அறிவதற்கு முன்பே அவன் அவர்களைத் தம்பிகளாக இழந்துவிட்டான். அவன் பாடுகிற பாட்டெல்லாம், உயிரோடிருக்கும் உடன்பிறந்தார்களுக்கு அவன் வைத்த முன்கூட்டிய ஒப்பாரி என்றுகூடக் கேட்கலாம்.

பிளிஸின் பயணம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அவருக்குத் தம்பி யாரென்று நன்றாகத் தெரியும். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே அறையில் வாசித்தவர்கள். அந்த ஒருவனில் தொடங்கி, தோழர்கள், படையினர், டிராய் நகரத்து எதிரி, அக்கிலீஸ், சீனத்துச் சிப்பாயின் மனைவி என்று துயரத்தை விரித்துக்கொண்டே போகிறார். கென்னர்டின் பெயர் காணிக்கையில் இருக்கிறது, பாடலில் இல்லை. வீரர்களின் பெயர்களை அழைக்கும் இடத்திலும் பழங்காலப் பெயர்களே ஒலிக்கின்றன. தன் தம்பியை எல்லாருடைய தம்பியாகவும் ஆக்கினால்தான் அந்தத் துயரத்தை மேடையேற்ற முடியும் என்று நினைத்திருக்கிறார்.

கூத்து எதிரியில் தொடங்குகிறது. யாருக்கும் வேண்டாத, பிறப்பைச் சொல்லிச் சபையில் அவமானப்படுத்தப்பட்ட, எதிர்ப்படையின் தளபதியில் தொடங்கி, அவனை ஓர் இரவுக்குள் வீட்டு மூத்த பிள்ளையாக்கிவிடுகிறது. பிளிஸ் தம்பியை உலகத்துக்குக் கொடுத்தார். கூத்து வெளியே நின்றவனை வீட்டுக்குள் அழைத்து வருகிறது.

இரண்டில் எது கடினம் என்று கேட்டால், கூத்து செய்வதுதான் என்பேன். சொந்தத் தம்பியின் சாவிலிருந்து எல்லார் சாவுக்கும் இரங்குவது உயர்ந்த மனம். போரில் இருந்து வந்தவருக்கு அந்த மனம் வாய்த்தது பெரிய காரியம். ஆனால் நேற்றுவரை தேரோட்டி மகன் என்று தள்ளி வைத்தவனை, அம்பு விட்ட கை காயும் முன் அண்ணா என்று கூப்பிடுவதற்கு, தன் குற்றத்தையும் சேர்த்துச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தில் இது வெறும் கதை இல்லை. விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை ஒட்டி எழுந்த தகராறில், 2023 ஜூனில் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைக்க நேர்ந்தது. கர்ணனுக்காக விடிய விடிய அழத் தெரிந்த மண் இதே மண். அந்தக் கூத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் கர்ணன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆற்றாமை. இசை தன் வேலையைச் செய்துவிட்டது. குறை இசையில் இல்லை.

கர்ணன் பெயர் தமிழில் இன்னும் அடங்கவில்லை என்பதற்கு இரண்டு படங்களைச் சொல்லலாம். மணிரத்னத்தின் ‘தளபதி’யில் (1991) கர்ணன் சாவதே இல்லை. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) வேறொரு திருப்பம். அதில் பேருந்து நிற்காத சாலையோரத்தில் துடித்து இறப்பவள் கர்ணனின் தங்கை. செத்தவள் காட்டுப்பேச்சியாகி முகமூடி அணிந்து படம் முழுக்க நடக்கிறாள். அங்கே இழப்பை அழுவது கர்ணனே. இது தெற்குச் சீமைக் கதை. விழுப்புரத்துக் கூத்து மரபில் வந்ததன்று. ஆனாலும் உடன்பிறந்தாரின் சாவையும் பிறப்பின் அவமதிப்பையும் சேர்த்தே அழ வேண்டும் என்பதைக் கூத்தைப்போல இதுவும் அறிந்திருக்கிறது.

காலக் கணக்கிலும் இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கென்னர்ட் இறந்தது 1916. படைப்பு அரங்கேறியது 1930. பதினான்கு ஆண்டுகள். கூத்துக்குக் கிடைப்பது பதினாறே நாட்கள். பிளிஸுக்கு அத்தனை ஆண்டு தேவைப்பட்டதற்கு அவர் சமூகத்தில் துக்கத்துக்கென்று ஒரு நாள் குறித்துத் தராததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். போரில் இறந்த மகன்களின் உடல்கள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதைக்கப்பட்டன, வீட்டுக்குக் கொண்டுவரப்படவில்லை. உடல் இல்லை, சடங்கு இல்லை, முடிவும் இல்லை. அதனால்தான் கனவில் போர் ஓயவில்லை. இந்த இசையை எழுதிய பிறகே அந்தக் கனவின் பயம் தணிந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஒரு சமூகம் கூடிச் செய்யவேண்டிய கருமத்தை ஒற்றை ஆள், தாளும் பேனாவுமாக, தானே உண்டாக்கிக்கொண்டு செய்து முடித்திருக்கிறார். அந்தத் தனிமையை நினைத்தால் மனம் கனக்கிறது.

நம் பக்கத்தில் அந்தத் தனிமை இல்லை. கூத்தை ஏற்பாடு செய்வது பங்காளிகள், செலவில் கைகொடுப்பது சம்பந்திகள், பந்தலில் உட்கார்வது ஊர். இடையிடையே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அன்பளிப்புத் தந்தவர்களின் பெயரைச் சொல்லுவான். நகரத்திலிருந்து போகிறவர்களுக்கு அது இடைஞ்சலாகத் தோன்றும். செத்தவருக்கு யார் யார் உறவு என்பது அந்த இரவில் எல்லார் காதிலும் ஒருமுறை சொல்லப்படுகிறது. அதுவும் இரங்கலின் ஒரு பகுதியே. கூத்துக்கு இன்று வந்திருக்கும் உண்மையான குறை வேறு. இரவு முழுக்க ஆட வேண்டியதை மூன்று நான்கு மணி நேரமாகச் சுருக்கச் சொல்கிறார்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது விருத்தங்கள். சண்டையும் சிரிப்பும் மிஞ்சுகின்றன. முகவீணை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து, அந்த இடத்தை ஆர்மோனியமும் கீபோர்டும் பிடித்துக்கொள்கின்றன. குரலுக்குப் பின்னால் மூச்சோடு அழுதுகொண்டு போவது கட்டைகளை அழுத்தும் வாத்தியத்துக்கு வராது.

பிளிஸின் படைப்புக்கும் அதன் சங்கடங்கள் உண்டு. பேசுகிற ஒருவர், பெரிய கூட்டுப்பாடல், பெரிய இசைக்குழு என்று எல்லாம் ஒன்றுகூட வேண்டியிருப்பதால் அரிதாகவே மேடையேறுகிறது. சார்லஸ் குரோவ்ஸ் 1970களில் செய்த ஒலிப்பதிவும், ஆண்ட்ரூ டேவிஸ் பிபிசி சிம்பொனி இசைக்குழுவோடு 2015இல் வெளியிட்டதும் கேட்கக் கிடைக்கின்றன. சிம்பொனி கேட்டுப் பழக்கமில்லாத தமிழ் வாசகர் முதல் பகுதியிலிருந்து தொடங்க வேண்டாம். ஓவனின் கவிதையும் முரசும் வரும் இடத்திலிருந்து கேட்கலாம். அதை அடுத்து ராபர்ட் நிக்கல்ஸின் கவிதையில் சோம் களத்தின் விடியலைக் கூட்டுப்பாடல் மெல்ல எழுப்புகிறது. செத்த வீரர்கள் அந்த ஒளியில் எழுந்து வருவதாகக் கவிதை காண்கிறது. கர்ணன் மோட்சம் போகும் நேரமும் விடியல்தான். கூத்து முடிந்ததும் குடும்பம் கருமாதிக்கு ஏரிக்கரைக்கோ குளத்தங்கரைக்கோ கிளம்பிவிடும். நார்விச்சில் கேட்டவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு தனித்தனியே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

1932இல் பிளிஸ் ஒரு கிளாரினெட் ஐந்திசை எழுதினார். நான்கு நரம்பு வாத்தியங்கள், ஒரு கிளாரினெட். அதில் பேச்சு இல்லை, காவியம் இல்லை, காணிக்கை வாசகத்தில் போரும் இல்லை. முதல் சில கணங்கள் கிளாரினெட் தனியாக ஒலிக்கிறது. பிறகு நரம்பு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. கென்னர்ட் வாசித்தது கிளாரினெட். இரங்கல் எழுதி முடித்த இரண்டாம் ஆண்டில் அண்ணன் அந்த வாத்தியத்துக்குத் திரும்பியதை நான் அந்தத் தம்பியோடு சேர்த்தே கேட்கிறேன். ‘மார்னிங் ஹீரோஸ்’ எல்லா வீரர்களுக்கும் ஆனது. இந்த அரைமணி நேர இசைதான் ஒருவனுக்கானது என்று எனக்குப் படுகிறது. கர்ண மோட்சத்தைக் கேட்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டாண்டுக் காத்திருப்பு தேவைப்படுவதில்லை. பொன்னுருவியும் குந்தியும் விருத்தம் பாடி ஓயும்போதெல்லாம் பெண்கள் பக்கத்தில் யாராவது தன் அண்ணன் பேரைச் சொல்லி அழத் தொடங்குவார். வேடக்காரர் அந்த அழுகை முடியும்வரை அடுத்த அடியை எடுக்காமல் நிற்பார்.